2-2 வரை கொண்டுவந்தது யார்? கால்கரி, எட்மண்டன், 1986

இன்னைக்கு எபிசோட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ப்ரொடக்‌ஷன்ல ஒரு கான்ஃபிக் ஃபைலை மாத்தினேன். ஒரே ஒரு வரிதான். நாற்பது நிமிஷம் சர்வீஸ் படுத்துடுச்சு. அன்னைக்கு அந்தக் காலில் இருந்த சீனியர் எஞ்சினியர் கனடாக்காரர், கால்கரியில் பிறந்து வளர்ந்தவர். எல்லாத்தையும் ரோல்பேக் பண்ணி முடிச்சதும் எல்லாரும் காலை விட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டார்: "ஸ்டீவ் ஸ்மித் யாருன்னு தெரியுமா?"

நான் ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டர்னு நினைச்சேன். அவர் சிரிச்சுட்டு, "இது வேற ஸ்மித். நாளைக்கு போஸ்ட்மார்ட்டம் எழுதறதுக்கு முன்னாடி அவரைப் பத்திப் படிங்க"ன்னு சொன்னார்.

படிச்சேன். அதுக்கப்புறம் விடவே முடியல. அதுதான் இன்னைக்குக் கதை. 1986-ல் ஐஸ் ஹாக்கியில் ஒரு சாதாரண டீம், அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திர டீமை எப்படித் தோற்கடித்தது? அது திட்டமா, அதிர்ஷ்டமா?

முதல்ல கொஞ்சம் விதிகள்

நம்ம ஊரில் ஹாக்கின்னா தயான் சந்த்தான் ஞாபகம் வருவார். இது ஐஸ் ஹாக்கி. பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதில் பக் என்கிற கெட்டியான ரப்பர் வட்டு. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியை நினைவில் வெச்சுக்கோங்க, பாதிக் கதை அங்கேதான் நடக்குது.

தவறு செய்தால் வழக்கமா இரண்டு நிமிடம் வெளியே உட்காரணும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதல். அதுக்குப் பேர் பவர் ப்ளே. வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் வழக்கமான சீசன் முடிந்ததும் ப்ளேஆஃப் வரும். ஒரே எதிரியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம், முதலில் நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கடைசியில் ஸ்டான்லி கோப்பை.

இந்த ஏழு ஆட்டம் என்பது பலவீனமான அணிக்குக் கெட்ட செய்தி. ஒரு நாள் யாரும் யாரையும் ஜெயிக்கலாம். நான்கு நாள் ஜெயிக்கணும்னா திறமை தன் வேலையைக் காட்டிடும்.

எதிரே நின்ற மலை

எட்மண்டன் ஆயிலர்ஸ் 1984, 1985 என்று தொடர்ந்து இரண்டு முறை கோப்பையை வென்றிருந்தது. 1985-86 சீசனில் 80 ஆட்டங்களில் 426 கோல், அதாவது ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேல். வெய்ன் கிரெட்ஸ்கி அந்த ஒரு சீசனில் 52 கோல் போட்டு 163 கோலுக்கு உதவினார். கூட்டினால் 215. இன்னைக்கு வரைக்கும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. யாரி குர்ரி 68 கோல். பால் காஃபி பின்னால் நிற்க வேண்டிய டிஃபென்ஸ்மேன், அவரே 48 கோல் போட்டார். மார்க் மெஸியே, கிளென் ஆண்டர்சன் எல்லாம் இதுக்கு மேல்.

கால்கரி ஃப்ளேம்ஸ் அதே அல்பெர்ட்டா மாகாணத்தில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் அணி. சென்னை - திருச்சி தூரத்தைவிடக் கொஞ்சம் கம்மி. அட்லாண்டாவில் இருந்து 1980-ல் இடம் மாறி வந்த அணி. 1983 ப்ளேஆஃபில் எட்மண்டனிடம் தோற்றது. 1984-ல் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துவிட்டுத் தோற்றது. 1985-86 சீசனில் புள்ளிப் பட்டியலில் எட்மண்டன் 119, கால்கரி 89. இரண்டும் மோதிய எட்டு ஆட்டங்களில் கால்கரிக்கு ஒரே ஒரு வெற்றி.

சரி, அந்த அணி வரும்போது ஒதுங்கிப் போகலாமேன்னு தோணும். முடியாது. அப்போதைய விதிப்படி ப்ளேஆஃபின் முதல் இரண்டு சுற்றும் ஒரே டிவிஷனுக்குள் நடந்தன. இரண்டு அணியும் ஒரே டிவிஷன். கோப்பைக்குப் போகும் சாலையில் எட்மண்டன் ஒரு டோல்கேட் மாதிரி நின்றது. சுற்றுப் பாதை கிடையாது. அதனால் கால்கரியின் ஜெனரல் மேனேஜர் கிளிஃப் பிளெட்சருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எட்மண்டனை ஜெயிக்கிற அணியை எப்படிக் கட்டுவது?

ஆளைச் சேர்த்தது எப்படி

கிரெட்ஸ்கி மாதிரி ஒருத்தரைக் கடையில் வாங்க முடியாது. பிளெட்சர் மற்ற அணிகள் பார்க்காத இடத்தில் தேடினார். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிதான் அந்த இடம். ஜோயல் ஓட்டோ, நீல் ஷீஹி, கோலின் பேட்டர்சன், ஜேமி மக்கூன் எல்லாருமே என்.ஹெச்.எல். டிராஃப்டில் யாரும் எடுக்காத கல்லூரிப் பையன்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் எல்லா கம்பெனியும் வேண்டாம்னு சொன்ன ஆட்கள்னு வெச்சுக்கோங்க.

பயிற்சியாளரும் கல்லூரியில் இருந்து வந்தவரே. பாப் ஜான்சன், விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியைப் பல வருஷம் நடத்தியவர். எதையும் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர். எட்மண்டனை ஜெயிக்க அவர் வைத்திருந்த ஏழு அம்சத் திட்டம் கால்கரியில் இன்னைக்கும் பேசப்படுகிற விஷயம். ஐஸில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஒன்று, நடுப்பகுதி. எட்மண்டனின் பலம் வேகம். காஃபி பின்னால் இருந்து பக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, நீலக்கோட்டைத் தாண்டும்போது முழு வேகத்தில் இருப்பார். அதுக்கப்புறம் அவரைப் பிடிப்பது கஷ்டம். அதனால் வேகம் வருவதற்கு முன்னாடியே தடுக்கணும். பேட்டர்சனின் வேலை, காஃபி கிளம்பும் பாதையில் போய் நிற்பது. கோல் போடுவது அவருடைய முதல் வேலை இல்லை. மற்றவர்களும் முன்னால் பாய்ந்து போகாமல் நடுப்பகுதியை அடைத்து நின்றார்கள்.

இரண்டு, மெஸியே. வேகமும் உடல் பலமும் சேர்ந்த ஆட்டக்காரர். அவருக்கு எதிரே ஓட்டோ, ஆறடி நான்கு அங்குலம். மெஸியே ஒவ்வொரு அடிக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று, கிரெட்ஸ்கி. இங்கே ஷீஹி வருகிறார். ஹார்வர்டில் படித்தவர். கிரெட்ஸ்கியை இடிப்பார், உரசுவார், தொல்லை கொடுப்பார். கோபப்பட்டு எட்மண்டனின் அடியாட்கள் சண்டைக்கு வந்தால் கையைக் கீழே போட்டுக்கொண்டு நிற்பார். அடித்தவர் வெளியே போவார், கால்கரிக்குப் பவர் ப்ளே கிடைக்கும். பார்க்க அழகான விளையாட்டு இல்லை. எட்மண்டன் ரசிகர்கள் அவரை வெறுத்தார்கள். அவர் செய்த வேலை அதுதான்.

நான்கு, கோல்கீப்பர் மைக் வெர்னன். உள்ளூர் கால்கரிப் பையன், முதல் வருஷம். அந்த சீசனில் கால்கரி 11 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. அந்த ஓட்டம் முடிந்த ஆட்டத்தில் கோலில் நின்றவர் அவர். ப்ளேஆஃபில் அவரையே இறக்கினார் ஜான்சன்.

சின்னதாக்கு

இதெல்லாம் தனித்தனி தந்திரம் மாதிரி தெரியும். எனக்கு ஒரே தந்திரமாத்தான் படுது: ஆட்டத்தைச் சின்னதாக்குவது. அதை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது நான் பொம்மை மாதிரி போட்ட கணக்கு, நிஜ ஹாக்கி இதைவிடச் சிக்கல்.

விழுகிற ஒவ்வொரு கோலும் பலமான அணிக்குப் போக 60 சதவீதம், பலவீனமான அணிக்கு 40 சதவீதம் வாய்ப்புன்னு வெச்சுக்குவோம். ஒரு ஆட்டத்தில் மொத்தம் 9 கோல் விழுந்தால், பலவீனமான அணி ஜெயிக்க 27 சதவீத வாய்ப்பு. அதே அணிகள், அதே திறமை, மொத்தம் 3 கோல்தான் விழுதுன்னா அது 35 சதவீதம் ஆகுது. பெரிய வித்தியாசமா தெரியல இல்லையா? இப்போ ஏழு ஆட்டத் தொடருக்கு இதை நீட்டிப் பாருங்க. 9 கோல் ஆட்டங்களாக நடந்தால் தொடரை ஜெயிக்க 9 சதவீதம். 3 கோல் ஆட்டங்களாக நடந்தால் 20 சதவீதம். பதினொன்றில் ஒரு வாய்ப்பு, ஐந்தில் ஒரு வாய்ப்பாக மாறுது. யாரும் ஒரு துளிகூடத் திறமைசாலி ஆகவில்லை. திறமை வெளிப்படும் தருணங்களை மட்டும் குறைத்திருக்கோம்.

இப்போ நிஜத் தொடரைப் பாருங்க. முதல் ஆட்டம் எட்மண்டனிலேயே கால்கரி 4-1. இரண்டாவது, கூடுதல் நேரத்தில் எட்மண்டன் 6-5. மூன்றாவது கால்கரி 3-2. நான்காவது எட்மண்டன் 7-4, கிரெட்ஸ்கிக்கு மூன்று கோல். ஐந்தாவது கால்கரி 4-1. ஆறாவது எட்மண்டன் 5-2.

இந்த ஆறு ஆட்டங்களையும் எட்மண்டன் போட்ட கோலை வைத்துப் பிரித்துப் பாருங்க. கால்கரி ஜெயித்த மூன்று ஆட்டத்தில் எட்மண்டனுக்குக் கிடைத்தது 1, 2, 1. தோற்ற மூன்றில் 6, 7, 5. ஆட்டம் திறந்துகொண்ட ஒவ்வொரு இரவும் நட்சத்திரங்கள் ஜெயித்தார்கள். மூடியே கிடந்த ஒவ்வொரு இரவும் கால்கரி ஜெயித்தது. கிரெட்ஸ்கியை யாரும் நிறுத்தவில்லை, அந்த ப்ளேஆஃபின் 10 ஆட்டங்களில் அவர் கணக்கில் 19 வந்தது. அவர் ஆட விரும்பிய ஆட்டம்தான் பாதி நாள் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 30

ஏழாவது ஆட்டம் எட்மண்டனில், 1986 ஏப்ரல் 30. கால்கரி 2-0 என்று முன்னேறியது. எட்மண்டன் திருப்பியடித்து 2-2 ஆக்கியது. மூன்றாவது பகுதி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

கால்கரியின் பெர்ரி பெரெசான் பக்கை எட்மண்டன் பக்கத்து ஆழத்துக்கு அடித்து அனுப்பிவிட்டு, ஆள் மாற்றத்துக்காக பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் எட்மண்டனில் பிறந்தவர் என்பது இந்தக் கதையின் குறும்பு. எட்மண்டனின் இளம் டிஃபென்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித் தன் கோலின் பக்கத்தில் பக்கை எடுத்தார். முதல் முழு சீசன். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள், 23 வயது. தளத்தின் மறுபக்கம் இருக்கும் சக வீரருக்குப் பாஸ் கொடுக்க, தன் கோல் முகப்பின் குறுக்கே அடித்தார். பக் தன் கோல்கீப்பர் கிராண்ட் ஃபியூரின் காலின் பின்புறத்தில் பட்டு வலைக்குள் போனது.

ஸ்மித் ஐஸில் முகம் குப்புற விழுந்தார். 3-2. மிச்சம் கிட்டத்தட்ட 15 நிமிடம் இருந்தது. 426 கோல் போட்ட அணியால் அந்த 15 நிமிடத்தில் ஒன்று போட முடியவில்லை. விதிப்படி கோல், கடைசியாகப் பக்கைத் தொட்ட கால்கரி வீரரான பெரெசான் பெயரில் எழுதப்பட்டது. ஆட்டம் முடிந்ததும் ஸ்மித் அழுதார். அழுதபடியே நிருபர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

ட்ரிக்கரா, ரூட் காஸா?

இந்தக் கதையைப் பொதுவா எப்படிச் சொல்வாங்க? "ஸ்மித் சொந்த கோல் போட்டார், எட்மண்டன் தோற்றது." முடிஞ்சது. எங்க தொழில்ல இதை ட்ரிக்கரையும் ரூட் காஸையும் குழப்புறதுன்னு சொல்வோம். ட்ரிக்கர் கடைசியாக நடந்தது. ரூட் காஸ், அந்தக் கடைசி விஷயம் ஏன் அவ்வளவு பெரிய சேதத்தை உண்டாக்கியது என்பதற்கான காரணம்.

இதே பாஸை ஸ்மித் அந்த 7-4 ஆட்டத்தில் கொடுத்திருந்தால்? 7-5 ஆகியிருக்கும். யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் 2-2 என்று நின்றதால்தான் ஒரு தப்பு ஒரு சீசனின் விலை ஆனது. அந்த 2-2-ஐக் கட்டியவர்கள் பேட்டர்சன், ஓட்டோ, ஷீஹி, வெர்னன், ஜான்சன். ஏழு ஆட்டத்திலும் சேர்த்து கால்கரி 25 கோல், எட்மண்டன் 24. அந்த ஒரு கோல் வித்தியாசத்தில் மீதி 48 கோலையும் மறந்துடறோம்.

அதனால் என் பதில் இது: அந்த கோல் அதிர்ஷ்டம்தான், மறுக்கல. ஆனா அதிர்ஷ்டம் வந்தால் போதும் என்கிற இடம் வரைக்கும் போனது திட்டம். பலவீனமான அணியின் திட்டத்தால் வெற்றியை உத்தரவாதம் செய்ய முடியாது. ஒரு தப்பு போதும் என்கிற நிலையில் ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியும். அந்தத் தப்பு தன்னுடையதா இல்லாம பார்த்துக்க முடியும்.

பின்னால் வந்தவர்கள்

இதே பாடத்தை மற்றவர்களும் படித்தார்கள். 1995 இறுதியில் நியூ ஜெர்சி டெவில்ஸ், ஜாக் லெமேர் பயிற்சியில், நடுப்பகுதியை அடைக்கும் முறையை ஒரு முழு அமைப்பாகவே ஆக்கி டெட்ராய்ட் ரெட் விங்ஸை 4-0 என்று துடைத்தது. நான்கு ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது ஏழே கோல்.

ரசிகர்களுக்கு அலுப்பு தட்டியது. 2005-06 சீசனில் லீக் விதிகளை மாற்றியது. நீளமான பாஸுக்கு இருந்த தடை நீங்கியது, இழுப்பதும் பிடிப்பதும் கண்டிப்பாகத் தண்டிக்கப்பட்டன. ஷீஹி மாதிரி ஆடுவது கஷ்டமானது. அப்போ பலவீனமான அணி வேறு இடத்தில் ஆட்டத்தைச் சுருக்கியது. 2010-ல் 88 புள்ளி மான்ட்ரியல், ஓவெச்கினின் 121 புள்ளி வாஷிங்டனிடம் 3-1 என்று பின்தங்கியிருந்தது. அவர்கள் தங்கள் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள், வரும் ஷாட்டை உடம்பால் மறித்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் வந்த 54 ஷாட்டில் 53-ஐக் கோல்கீப்பர் யாரொஸ்லாவ் ஹலாக் தடுத்தார். வாஷிங்டனுக்கு அந்தத் தொடரில் 33 பவர் ப்ளே கிடைத்தன, அதில் ஒரே ஒரு கோல். தொடரை மான்ட்ரியல் வென்றது.

2019-ல் கொலம்பஸ் அணி வழியையே திருப்பியது. சீசனில் 62 வெற்றி பெற்ற டாம்பா பேவை எதிர்த்து அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. முதல் ஆட்டத்தில் 3-0 பின்தங்கி 4-3 என்று ஜெயித்தார்கள். டாம்பாவின் டிஃபென்ஸ்மேன்கள் பக்கை எடுத்ததுமே மேலே விழுந்தார்கள். தப்பு பண்ணாமல் ஆடியதால் தொடர் முழுக்க டாம்பாவுக்கு ஆறே பவர் ப்ளே. 4-0. முறை வேறு, ஆனா நட்சத்திரங்களுக்கு வசதியான தருணங்களைக் குறைப்பது என்கிற நோக்கம் அதேதான்.

எல்லா நேரமும் இது பலிக்கும்னு நினைச்சுடாதீங்க. 1986-ல் கால்கரி இறுதி வரை போய் மான்ட்ரியலிடம் தோற்றது. 1988-ல் லீக்கிலேயே முதலிடம் பிடித்த அணி கால்கரி. அந்த வருஷ ப்ளேஆஃபில் எட்மண்டன் அவர்களை 4-0 என்று அனுப்பி வைத்தது. கால்கரி கோப்பையைத் தொட்டது 1989-ல்தான், கோலில் அதே வெர்னன்.

ஸ்மித்துக்கு என்ன ஆச்சு

எட்மண்டன் அவரை விற்கவில்லை. அடுத்த வருஷமும் ஆடினார். 1987-ல் எட்மண்டன் மறுபடி கோப்பையை வென்றது. கேப்டன் கிரெட்ஸ்கி கோப்பையை வாங்கித் தூக்கினார். அடுத்து யாரிடம் கொடுப்பார்? மெஸியே இருக்கிறார், குர்ரி இருக்கிறார். கிரெட்ஸ்கி ஸ்டீவ் ஸ்மித்திடம் கொடுத்தார்.

அந்த ஏழு ஆட்டத்தையும் உள்ளிருந்து பார்த்தவர் கிரெட்ஸ்கி. எந்த நான்கு இரவு தன்னால் ஆட முடியாமல் போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வாய் திறந்து எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு விஷயமும் சொல்லணும்: ஸ்மித் தன் ஆட்ட வாழ்க்கையின் கடைசியில் கால்கரிக்கே போனார், 1999-2000 சீசனில் அந்த அணியின் கேப்டனாகவும் இருந்தார்.

நான் மறுநாள் எழுதின போஸ்ட்மார்ட்டத்தில் முதல் வரி, "நான் தப்பான மதிப்பைப் போட்டேன்." அதை நீக்கல, அது உண்மை. அதுக்குக் கீழே இன்னும் நாலு வரி சேர்த்தேன்: ஒரு வரி மாற்றம் ரிவ்யூ இல்லாம எப்படிப் போனது, டெஸ்ட் ஏன் பிடிக்கல, அலாரம் ஏன் லேட்டா அடிச்சது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் மட்டும் ஏன் டெப்ளாய் பண்ணிட்டிருந்தார். அந்த நாலும் இப்போ சரியாயிடுச்சு.

உங்க டீம்ல யாராவது இந்த வாரம் ஐஸில் குப்புற விழுந்திருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.